உங்களுக்குத் தெரியுமா? ‘வென்ட்’ ஒரு தத்துப்பிள்ளை!

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் குழந்தைகள் ‘கோ, வென்ட், கான்’ என்று ஒப்பிப்பார்கள். போவதைக் குறிக்கும் ‘கோ’வுக்கும், போனதைக் குறிக்கும் ‘வென்ட்’டுக்கும் ஓர் எழுத்துகூடப் பொருந்தவில்லையே என்று எந்தக் குழந்தையாவது கேட்டால், அது அருமையான கேள்வி. இரண்டும் வெவ்வேறு வினைச்சொற்கள்தாம்.

‘வெண்டு’ என்றொரு பழைய ஆங்கில வினை உண்டு. முதலில் ‘திரும்பு’ என்றும், பிறகு ‘வழி பிடித்துச் செல்’ என்றும் பொருள்பட்டது. ‘செண்டு’ இறந்தகாலத்தில் ‘சென்ட்’ ஆவதுபோல, ‘வெண்டு’ம் ‘வென்ட்’ ஆனது. ‘கோ’வுக்கு அப்போது ‘ஏயொடெ’ என்ற இறந்தகால வடிவம் இருந்தது. வியப்பு என்னவென்றால், அதுவும் ‘கோ’வின் வேரில் பிறந்ததன்று! காலப்போக்கில் அது தேய்ந்து மறைய, ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தில் ‘வென்ட்’ நிலைத்துவிட்டது. தன் பிள்ளையைக் கொடுத்துவிட்ட ‘வெண்டு’, பிற்பாடு ‘வெண்டட்’ என்ற புதிய வடிவத்தை ஏற்றுக்கொண்டது. இன்று அந்த வினையைப் பெரும்பாலும் எழுத்தில்தான் பார்க்கிறோம். வடக்கே ஸ்காட்ஸ் மொழியிலோ, ‘கோ’வின் வேரிலிருந்தே உருவான இறந்தகால வடிவம் வழங்குகிறது.

வேர் மாறிய வடிவங்கள் ஒரே வினையாகச் சேர்வது பிற மொழிகளிலும் உண்டு. பிரெஞ்சு மொழியில் ‘போ’ என்னும் வினையின் நிகழ்கால, எதிர்கால வடிவங்கள் வெவ்வேறு லத்தீன் வினைகளிலிருந்து வந்தவை. அன்றாடம் நாவில் புரளும் சொற்களில்தான் இத்தகைய விதிவிலக்குகள் நீடித்து வாழ்கின்றன. அடிக்கடி கேட்பதால் குழந்தைகள் அவற்றை அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள்.