டெலாக்ரோவாவின் சிங்க வேட்டை

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் சரித்திரச் சித்திரங்கள் தீட்டிய கலைஞர்கள், மண்டபச் சுவரை நிறைக்கவேண்டிய பெருந்திரையின் முன் எடுத்த எடுப்பில் தூரிகையுடன் போய் நிற்பது பெரும்பாலும் வழக்கமில்லை. காகிதத்தில் கோட்டுருவங்கள் பலவற்றைப் போட்டுப் பார்த்த பிறகு, எந்த உருவம் எங்கே நிற்பது, எந்த வர்ணம் எதனோடு மோதுவது என்று தமக்குத் தாமே நிச்சயித்துக்கொள்ளும் பொருட்டு, சிறிய துணியொன்றில் எண்ணெய் வர்ணத்தால் விரைந்து ஒரு பூர்வ சித்திரம் தீட்டிக்கொள்வார்கள். அது ஊராருக்குக் காட்ட உத்தேசித்ததன்று. காரியம் முடிந்ததும் பட்டறை மூலைக்குப் போய்விடும்.

அவ்வாறு பிறந்தவற்றுள் ஒன்று, யூஜீன் டெலாக்ரோவா 1854-ல் தீட்டியதும் இன்று பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருப்பதுமான 'சிங்க வேட்டை'. அகலம் ஒரு மீட்டருக்குச் சற்றே அதிகம். 1855-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக அரசாங்கம் அவரிடம் கேட்ட பெரிய படத்துக்கு இது முன்னோடி. 1832-ல் மொராக்கோவில் கண்ட குதிரைகளும், பாரிஸ் மிருகக்காட்சிச் சாலையில் அமர்ந்து வரைந்த சிங்கங்களும், ரூபன்ஸின் வேட்டைச் சித்திரங்களும் அவர் மனத்தில் ஊறிக் கிடந்தன. ஆயினும் இந்தத் துணியில் சிங்கம் எது, குதிரை எது, மனிதன் எவன் என்று உடனே சொல்லிவிட முடியாது. சிவப்பும் பச்சையும் ஆரஞ்சும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சுழல்கின்றன, அவ்வளவே. இதைக் கண்டு, அவர் காலத்துக்கு முன்பே நவீன ஓவியத்தை எட்டிவிட்டார் என்று சிலாகிப்போருடன் எனக்கு உடன்பாடில்லை. உருவம் பிற்பாடு வந்து சேரும், வேகம் இப்போதே அமைந்தாகவேண்டும் என்ற தேர்ந்த தொழிலாளியின் முன்யோசனையே இதில் தெரிகிறது. பெரிய படம் வெளிவந்தபோது ஒரே குழப்பமென்று விமரிசகர் சிலர் முகம் சுளித்தார்கள். கவிஞர் போத்லேரோ அதன் வர்ணங்களில் மயங்கினார். அந்தக் குழப்பம் கைதவறி நேர்ந்ததன்று, முதல் நாளே கருதிக்கொண்டது என்பதற்குப் பூர்வ சித்திரமே சாட்சி.

பெரிய படத்தை அரசாங்கம் போர்தோ நகருக்கு அளித்தது. டெலாக்ரோவாவின் தந்தை அதிகாரியாயிருந்து உயிர்நீத்த ஊர் அது. 1870 டிசம்பரில் அங்கே நகரமன்றத்தில் மூண்ட தீ, படத்தின் மேற்பகுதியை விழுங்கிற்று. டெலாக்ரோவா 1863-லேயே காலமாகிவிட்டபடியால் அதைப் பார்க்கும் துர்ப்பாக்கியம் அவருக்கு நேரவில்லை. மிஞ்சிய கீழ்ப்பகுதியே மூன்றரை மீட்டர் அகலமுள்ளது. அதில் விலங்குகளும் வீழ்ந்தவர்களும் இருக்க, குதிரைமேலிருந்து போரிட்டவர்களை எங்கேயென்று தேடவேண்டியிருக்கிறது. போர்தோவில் பிறந்த ஓவியர் ஓடிலோன் ரெடோன், தீக்கு முன்பே அப்படத்தைப் பார்த்து நகலெடுத்து வைத்தது நம் அதிர்ஷ்டம். எந்த உருவம் எங்கே இருந்ததென்று ரெடோன் சொல்கிறார். அது எத்தகைய உஷ்ணத்தில் பிறந்ததென்பதற்கோ ஓர்சேயின் சிறு துணியிடமே போகவேண்டும்.

டெலாக்ரோவா இந்த விஷயத்தை விட்டுவிடவில்லை. சிகாகோவிலுள்ள 1861-ஆம் ஆண்டுச் 'சிங்க வேட்டை'யில் நிலம் விரிந்து, உருவங்கள் விலகி நின்று, ஒவ்வொருவர் செய்கையும் தெளிவாகப் புலப்படுகிறது. தேர்ச்சியில் குறைசொல்ல இடமில்லை. இருந்தும் எனக்கு 1854-ன் நெரிசலே பிடித்திருக்கிறது.