பழைய பஸ்ஸில் சூரிய விளக்கு



சாலையில் ஓடி ஓய்ந்துபோன பஸ் ஒன்றை நண்பர்கள் சிலரும் நானும் வாங்கி, மாலை நேரப் படிப்பகமாக மாற்றினோம். இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகைகளும் புத்தக அலமாரிகளும் அமைத்தோம். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளக் கிராமங்களுக்கு அது முறை வைத்துச் சென்றுவரும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இரவு ஒன்பது மணி வரை அதில் அமர்ந்து படிப்பார்கள்.

ஊர்ப் பொட்டலில் நிற்கும் பஸ்ஸுக்கு மின் இணைப்பு ஏது? முதலில் வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் வைத்துப் பார்த்தோம். எண்ணெய்ச் செலவு ஒருபுறமிருக்க, அதன் இரைச்சலில் ஒரு பிள்ளை வாசிப்பது அடுத்த பிள்ளைக்குக் கேட்கவில்லை. ஆகவே, விலையின்றிக் கிடைக்கும் சூரிய ஒளியை நாடினோம். கையிலிருந்த பணமோ சொற்பம். அந்த அனுபவத்தில் கற்றதையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

ஒளி பட்டால் சில பொருள்களில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839இல் எட்மண்ட் பெக்கெரல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்டறிந்தார். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையினர் சிலிக்கனைக் கொண்டு பயன்தரும் சூரிய மின்கலத்தைச் செய்துகாட்டினர். தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றில் ஆறு பங்கை அது மின்சாரமாக்கியது. 1958இல் வான்கார்ட் 1 என்ற செயற்கைக்கோளில் இத்தகைய கலங்கள் விண்வெளிக்குச் சென்றன. இன்று கடையில் விற்கும் பேனல்கள் ஏறக்குறைய நூற்றில் இருபது பங்கைத் தருகின்றன. விண்ணுக்குப் போன பொருள் இன்று பழைய பஸ்ஸின் கூரைக்கும் எட்டுகிறது.

ஆனால், பேனல் வாங்குவது முதல் வேலை அன்று. கணக்குப் போடுவதே முதல் வேலை. எங்கள் கணக்கைப் பாருங்கள். 6 வாட் எல்.இ.டி. விளக்குகள் ஐந்து, நாலு மணி நேரம்: 120 வாட்-மணி. 20 வாட் மின்விசிறிகள் இரண்டு, ஐந்து மணி நேரம்: 200. ஒலிபெருக்கிக்கும் கைப்பேசிக்கும் 80. ஆக மொத்தம் 400 வாட்-மணி. அதாவது அரை யூனிட்டுக்கும் குறைவு. இதே விளக்குகள் பழைய 60 வாட் குண்டு பல்புகளாக இருந்தால் அவற்றுக்கு மட்டுமே 1,200 வாட்-மணி வேண்டும். மின் அடுப்பு வேண்டுமென்று ஒரு நண்பர் சொன்னார். 1,500 வாட் அடுப்பு ஒரு மணி நேரத்தில் எங்கள் மூன்றேமுக்கால் நாள் மின்சாரத்தை விழுங்கிவிடும் என்று காட்டியதும், தேநீரைக் குடுவையில் கொண்டுவர இசைந்தார். தேவையைக் குறைப்பதே மிக மலிவான மின் உற்பத்தி.

இனி வரவு. நம் பக்கத்தில் ஒரு நாளைய வெயிலை ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமாகக் கொள்ளலாம். 100 வாட் பேனல் 500 வாட்-மணி தரவேண்டும். வெப்பம், தூசி, கம்பி, பாட்டரி ஆகியவற்றின் இழப்புப் போக 350 மிஞ்சும். எனவே 115 வாட் போதும்போல் தோன்றும். மேகமூட்டத்தில் பட்ட கடனையும் தீர்க்க வேண்டுமல்லவா? ஆகவே 200 வாட் வைத்தோம். அதற்குக் கூரையில் பிடித்த இடம் ஏறக்குறைய 11 சதுர அடி.

நாங்கள் தவறியது பாட்டரியில். விலை மலிவு என்பதால், வண்டியைக் கிளப்பும் பழைய பாட்டரி ஒன்றை வாங்கி மாட்டினோம். சில மாதங்கள் விளக்கு எரிந்தது. ஒருநாள் இரவு ஏழரை மணிக்கெல்லாம் எல்லாம் அணைந்துவிட்டன. அடுத்த வாரம் பொதுத் தேர்வு எழுதவிருந்த ஒரு பெண், ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இறங்கிப் போனாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திராது.

காரணத்தைப் பிறகு அறிந்தேன். வண்டியைக் கிளப்பும் பாட்டரி, சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டம் தருவதற்காக மெல்லிய ஈயத் தகடுகளால் ஆனது. கிணற்றை அடிவரை இறைப்பதுபோல் அதை நாள்தோறும் இறைத்தால் தகடுகள் சிதைந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் பாட்டரியே இவ்வேலைக்கு ஏற்றது. அதிலும் பாதிக்கு மேல் செலவிடலாகாது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கும், பாதி 900. எங்களுக்கு இரண்டு இரவுகளுக்குப் போதும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி எடை குறைந்தது, நீண்ட நாள் உழைப்பது. ஆனால் முதலில் கொடுக்கும் பணம் அதிகம்.

கம்பியிலும் கருத்து வேண்டும். ஒரே 80 வாட்டுக்கு வீட்டின் 230 வோல்ட்டில் ஓடுவது ஏறக்குறைய மூன்றில் ஓர் ஆம்பியர். 12 வோல்ட்டில் ஓடுவதோ ஏறக்குறைய ஏழு ஆம்பியர். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியின் சூடு நான்கு மடங்காகும். எனவே கம்பி தடித்ததாகவும், தூரம் குறைந்ததாகவும் இருத்தல் வேண்டும். பாட்டரியின் முனையை ஒட்டியே ஒரு பியூஸ் கட்டாயம் வேண்டும். மின்னேற்றும்போது பாட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஆதலால் வெளிக்காற்று படும் தனிப் பெட்டியில் அதை வைக்க வேண்டும். பேனலுக்கும் பாட்டரிக்கும் இடையே அளவு மீறாமல் காக்கும் சார்ஜ் கண்ட்ரோலரும் இன்றியமையாதது.

பேனலைக் கூரையோடு ஒட்டாமல் காற்றோட இடைவெளி விட்டு அமைத்தோம். சூடேறினால் மின்சாரம் குறையும் என்பதே காரணம். கலங்கள் தொடராக இணைந்திருப்பதால், ஒரு கிளையின் நிழல்கூட வரவை வெகுவாகக் குறைக்கும். ஆகவே எங்கள் பஸ் பகலில் மரநிழலில் நிற்பதில்லை. உப்புத்தூசியை வாரந்தோறும் நல்ல தண்ணீரால் கழுவுகிறோம்.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. அலமாரிப் பலகையைப் பழையதாக வாங்கினோம், அது சிக்கனம். பாட்டரியைப் பழையதாக வாங்கினோம், அது கஞ்சத்தனம். அதற்குரிய விலையைக் கொடுத்தவர்கள் நாங்கள் மட்டும் அல்லர்.

நீங்களும் இன்றிரவே ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டு விளக்குகளின் வாட்டையும் அவை எரியும் நேரத்தையும் பெருக்கிப் பாருங்கள். பேனல் வாங்காவிட்டாலும் அந்தக் கணக்கு உங்களுக்குப் பயன்படும். எங்கள் பஸ்ஸில் இப்போது ஒன்பது மணிக்கு விளக்கை அணைப்பவர்கள் நாங்கள்தாம், பாட்டரி அன்று.