மேஜையைச் சுற்றிப் பிறக்கும் கதை

உங்கள் மகனோ மகளோ தடித்த புத்தகம் ஒன்றையும் பல முகங்கள் கொண்ட பகடைக்காய்களையும் எடுத்துவந்து, "அப்பா, சனிக்கிழமை சாயங்காலம் நண்பர்கள் நாலு பேர் வருவார்கள், நம்முடைய சாப்பாட்டு மேஜை வேண்டும்" என்று கேட்கும் நாள் வரக்கூடும். மும்பை, பெங்களூர் போன்ற நகரங்களை இவ்விளையாட்டு எட்டிவிட்டது. பகடை என்றதும் சூதாட்டம் என்று எண்ணி மறுத்துவிடாதீர்கள். இதில் பணயம் இல்லை; வென்றவர், தோற்றவர் என்பதும் இல்லை.

ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். "ஆற்றுப் பாலம் உடைந்து கிடக்கிறது, இருட்டிவிட்டது, என்ன செய்வீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். அவர்கள் கலந்துபேசி விடை சொல்லுவார்கள். முயற்சி பலிக்குமா என்பது ஐயமானால் மட்டும் பகடை உருளும். அதே பாத்திரங்கள் வாரந்தோறும் கூடிவந்து ஒரே கதையைத் தொடர்வதுதான் இதன் சுவை. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இரு அமெரிக்கர் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையில் முதலாவது வெளிவந்த விளையாட்டு.

அதைக் குறித்து 1980களில் அமெரிக்கச் சபைகளில் பெருங்கலக்கம் உண்டாயிற்று. மகனைத் தற்கொலையில் இழந்த தாய் ஒருவர் 1983இல் அதற்கு எதிராக ஓர் அமைப்பையே தொடங்கினார். விளையாட்டு தற்கொலைக்குக் காரணமாகிறது என்ற குற்றச்சாட்டு பின்னர் நிறுவப்படவில்லை. எனினும் அந்தக் கலக்கம் முழுவதும் வெறும் அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். அதில் ஆடுபவரே மந்திரவாதியாகி மந்திரங்களை ஏவலாம். விசுவாசிகளான பெற்றோருக்கு அது உறுத்துவது இயல்பு. ஆகவே, விளையாடலாமா கூடாதா என்று கேட்பதற்குமுன், எந்த உலகத்தில், எந்த விதிகளோடு என்று கேளுங்கள்.

டோல்கீன் படைத்த 'மிடில் எர்த்' உலகத்தை எடுத்துக்கொள்வோம். 1984இல் அதை விளையாட்டாக்கியவர்கள், ஆடுபவர்களுக்கு நீண்ட மந்திரப் பட்டியல்களைக் கொடுத்தார்கள். மூலநூலிலோ மந்திரம் மிக அரிது. அதை அறிந்தவர்கள் குறைகூறியதில் வியப்பில்லை. 2011இல் ஃபிரான்செஸ்கோ நெபிடெல்லோ முதலானோர் அமைத்த 'தி ஒன் ரிங்' வேறு வழியில் சென்றது. அதில் மந்திரவாதியாக ஆட வழியில்லை. எல்ஃப்களுக்கும் குள்ளர்களுக்கும் வியத்தகு ஆற்றல்கள் சில உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கங்களைப் பிள்ளைகளோடு அமர்ந்து நீங்களே வாசித்துப் பாருங்கள்.

அவ்விளையாட்டின் உயிர்நாடி வேறோரிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பாத்திரத்திற்கும் நம்பிக்கை என்றொரு கணக்கும், நிழல் என்றொரு கணக்கும் உண்டு. பொய்யால் பிறரை ஏய்த்தாலும், மிரட்டினாலும், திருடினாலும், சித்திரவதை செய்தாலும் நிழல் ஏறும். நற்காரியத்துக்காகவே செய்தேன் என்றாலும் ஏறும். நிழல் நம்பிக்கையை எட்டிப்பிடித்தால் அந்த வீரன் மனம் நொறுங்கிப்போகிறான். பிறகு பன்னிரண்டு முகப் பகடையில் தீயவனின் கண் விழுந்தால், அவன் முயற்சி எதுவாயினும் தோற்கும். பிடிபட்ட எதிரியை அடித்து உண்மையை வாங்கலாமா என்று பதினைந்து வயதுப் பிள்ளைகள் அரைமணி நேரம் வாதாடுவதற்கு இந்த ஒரு விதி போதும்.

முதன்முறை கதை நடத்துபவர்கள் தடுமாறுவது, எல்லாரும் அறிந்த கதையை மீண்டும் நடத்த முயலும்போதுதான். ஃபிரோடோவின் பயணத்தைத் திரும்ப நடத்தினால் முடிவு முன்னமே தெரியும். ஆடுபவர்கள் வெறும் பார்வையாளர் ஆகிவிடுவார்கள். ஆகவேதான் இவ்விளையாட்டு பில்போவின் பயணத்துக்குப் பிறகும் மோதிரப் போருக்கு முன்பும் உள்ள இடைவெளியில் நடக்கிறது. அந்த ஆண்டுகளைப் பற்றி நூல் அதிகம் பேசுவதில்லை. பின்னர் வந்த தொடக்கப் பெட்டி இன்னும் எளிது: ஹாபிட்கள் வாழும் ஷயர் நாட்டுக்குள்ளேயே கதை நடக்கிறது, பாத்திரங்களும் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. முதல் தொடருக்கு அதுவே போதுமானது.

ஆயத்தம் மிகுதியாக வேண்டாம். இருபது பக்கம் எழுதிவைத்தவர், பிள்ளைகள் வேறு பாதையில் திரும்பியதும் திகைத்துப்போவார். இரண்டு இடங்கள், மூன்று மனிதர்கள், ஒரு தொல்லை. அம்மனிதர்களில் ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்பது தெரிந்தால் மற்றவை பேச்சில் பிறக்கும். ஆனால் முதல் அமர்வுக்கு முன்பே எல்லாரும் கூடி, எவை கதைக்குள் வரக்கூடாது என்று பேசி முடிவு செய்யுங்கள். ஆவிகளை அழைப்பது வேண்டாம், சிறுபிள்ளைகளுக்குத் தீங்கு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், காரணம் கேளாமல் விட்டுவிடுவது இவ்விளையாட்டை நடத்துவோரிடையே நல்ல வழக்கம். இதைச் சொல்லும் உரிமை பெற்றோராகிய உங்களுக்கும் உண்டு. ஏன், ஒரு பாத்திரத்தை ஏற்று மேஜையிலேயே அமருங்கள்.

நகரத்தில் வாழும் நமக்கு மட்டும் உரிய ஒரு நன்மையும் இதில் இருக்கிறது. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி அல்லது கன்னடம், வீட்டில் "சாப்பிட்டாயா, படித்தாயா" என்ற அளவுக்குத் தமிழ். இதுதான் நம் பிள்ளைகளின் நிலை. புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், மேஜை தமிழ் பேசட்டும். கெஞ்சவும், பேரம் பேசவும், ஒரு மலைப்பாதையை வர்ணிக்கவும் மூன்று மணி நேரம் தமிழில் முயலும்போது, இல்லாத சொற்களை அவர்களே உங்களிடம் கேட்பார்கள். தமிழ் அறியாத நண்பர் இருந்தால் கலந்து பேசட்டும்.

ஐந்தாறு அமர்வுகளில் முதல் கதையை முடித்துவிடுவது நல்லது. முடிவில்லாமல் இழுக்கும் தொடர்கள் தேர்வு மாதத்தில் அறுந்துபோகும். அடுத்த கதையை நடத்தும் நாற்காலியில் வேறொரு பிள்ளை உட்காரட்டும்.