டிவிக்குப் பின்னால் ஒரு சுவர்ப் பெட்டி

டிவியைச் சுவரில் மாட்டியாகிவிட்டது. 55 இஞ்ச், படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று, நெட்டுக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று என்று ஒயர்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அதை மறைக்கப் பிளாஸ்டிக் பட்டை ஒட்டுகிறார்கள். சில மாதங்களில் பசை விட்டு அது ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்கிறது. புது வீடுகளில்கூட இந்தக் காட்சி சாதாரணம். வீடு கட்டும்போது ஒரு நாள் வேலையாக முடிந்திருக்கும் விஷயம் இது.

செய்ய வேண்டியதெல்லாம் இரண்டு சுவர்ப் பெட்டிகள் வைப்பதுதான். ஒன்று டிவிக்குப் பின்னால், இன்னொன்று கீழே செட்டாப் பாக்ஸ் வைக்கும் கேபினெட்டுக்குள். பார்க்கச் சுவிட்ச் போர்டு மாதிரியே இருக்கும். சுவிட்சுக்குப் பதிலாக எச்டிஎம்ஐ, நெட்வொர்க், டிஷ் கேபிள், ஸ்பீக்கர் ஆகியவற்றுக்கான சாக்கெட்டுகள். எலக்ட்ரிக்கல் கடைகளில் மாடுலர் சுவிட்ச் அளவிலேயே இவை கிடைக்கின்றன. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே சுவருக்குள் கேபிள்கள் ஓடும். வெளியே எதுவும் தெரியாது.

இதில் பலர் செய்யும் பெரிய தவறு, கேபிளை அப்படியே காடியில் வைத்துச் சிமெண்ட் பூசிவிடுவது. சுவருக்குள் பைப்பைத்தான் பதிக்க வேண்டும். கேபிள் அதற்குள் போய் வர வேண்டும். காரணம், கேபிளின் ஆயுள் சுவரின் ஆயுளில் ஒரு சிறு பகுதிதான். எச்டிஎம்ஐயின் முதல் பதிப்பு 2002 டிசம்பரில் வந்தபோது நொடிக்கு 5 ஜிகாபிட்டுக்கும் சற்றுக் குறைவாகத்தான் கடத்தியது. 2013-ல் வந்த பதிப்பில் அது 18 ஆனது. 2017-ல் 48-ஐத் தொட்டது. பிளக்கின் வடிவம் மாறவே இல்லை, அதே 19 பின்கள். ஆனால் பழைய கேபிள் புதிய வேகத்துக்கு ஈடுகொடுக்காது. மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பிளக்குகளுக்காக அன்று சுவரில் பதித்த கேபிள்கள் இன்றைய டிவிக்கு உதவாமல் பூச்சுக்குள்ளேயே கிடக்கின்றன. பைப் இருந்திருந்தால் பழைய கேபிளின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்திருக்கலாம்.

சரி, எவ்வளவு அகலமான பைப்? இங்கேதான் சிக்கல். எச்டிஎம்ஐ பிளக்கின் பிளாஸ்டிக் தலை ஏறத்தாழ 2 செ.மீ. அகலம். மின்சார ஒயருக்குப் போடும் 20 மி.மீ. பைப்பின் வெளிவிட்டமே அவ்வளவுதான் என்பதால் பிளக் உள்ளே நுழையாது. 25 மி.மீ. பைப்பில் நேர் ஓட்டத்தில் நுழைந்தாலும் முதல் வளைவில் நின்றுவிடும். வசதியாக இருக்க வேண்டுமென்றால் 40 அல்லது 50 மி.மீ. பைப் வேண்டும். ஆனால் சுவர் அதற்கு இடம் கொடுக்க வேண்டுமே! செங்குத்தாக வெட்டும் காடி சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, கிடையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு என்பது கட்டுமானத்தில் பொதுவான வரம்பு. ஒன்பது இஞ்ச் சுவரில் செங்குத்தாக 50 மி.மீ. பைப் தாராளமாகப் போகும். நாலரை இஞ்ச் சுவரில் 38 மி.மீ.க்கு மேல் ஆழம் போகக் கூடாது என்பதால் அது நடக்காது. அங்கே 25 மி.மீ. பைப்புகளை இரண்டு மூன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, தலையைக் கழற்றி மாட்டும் வகை எச்டிஎம்ஐ கேபிளை வாங்கலாம். தூணையும் பீமையும் எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாது. இப்போது பல அடுக்குமாடிகளில் சுவர் முழுவதையுமே கான்கிரீட்டாக வார்த்துவிடுகிறார்கள். அந்த வீடுகளில் சுவரைத் தொடாமல், மரப் பேனலிங் அடித்து அதற்குப் பின்னால் கேபிளைக் கொண்டுபோவதே சரி.

பெட்டிக்குள் இருக்கும் ஆழமும் கவனிக்க வேண்டியது. சாதாரண மெட்டல் பாக்ஸ் சுமார் 2 இஞ்ச் ஆழம்தான். சாக்கெட்டின் பின்புறம் எச்டிஎம்ஐ பிளக்கைச் செருகினால் கேபிள் வளைய இடமிருக்காது. திருகை இறுக்கும்போது கேபிள் நசுங்கும். அதனால் பின்பக்கம் குட்டி வால் கேபிளோடு வரும் சாக்கெட்டுகளே நல்லது. அதைவிட நல்லது, எச்டிஎம்ஐக்கு மட்டும் சாக்கெட்டே இல்லாமல் பிரஷ் வைத்த துளைத் தட்டு போட்டு, கேபிளை முழுதாக வெளியே எடுத்துவிடுவது. ஒவ்வோர் இணைப்பிலும் சிக்னல் கொஞ்சம் இழக்கப்படுகிறது. 4கே படத்தில் நடுநடுவே திரை கறுத்து மீளுவதற்கு இந்த இணைப்புகளே பல நேரம் காரணம். தூரம் ஐந்து மீட்டருக்குள் என்றால் நல்ல செம்புக் கேபிள் போதும். அதற்கு மேல் ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்க வேண்டும். அது ஒருவழிக் கேபிள். எந்த முனை டிவி பக்கம், எந்த முனை பாக்ஸ் பக்கம் என்று பிளக்கிலேயே அச்சிட்டிருக்கும். மாற்றி இழுத்துவிட்டால் படமே வராது. திரும்ப உருவ வேண்டியதுதான்.

மின்சார ஒயரையும் இந்தக் கேபிள்களையும் ஒரே பைப்பில் விடவே கூடாது. இடம் மிச்சமாகும் என்று சில எலக்ட்ரீஷியன்கள் இதைச் செய்கிறார்கள். உறை எங்காவது உரசிக் கிழிந்தால், 230 வோல்ட் நேராக எச்டிஎம்ஐ பிளக்கின் உலோக உடம்புக்கு வந்துவிடும்; தொட்டவர் உயிருக்கே ஆபத்து. அது நடக்காவிட்டாலும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறலாம். இரண்டு பைப்பும் பக்கத்தில் ஓட வேண்டியிருந்தால் ஓர் அடி இடைவெளி விடலாம். குறுக்கே தாண்ட வேண்டுமென்றால் செங்கோணத்தில் தாண்டுவது நல்லது.

நெட்வொர்க் சாக்கெட் முடிப்பது பொறுமையான வேலை. கேட்-6 கேபிளின் மேல்தோலை உரித்தால் நான்கு ஜோடிகளாக முறுக்கிய எட்டு ஒயர்கள் இருக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒரு ஜோடியின் இரண்டு ஒயர்களிலும் ஒரே அளவில் ஏறுவதற்காகத்தான் அந்த முறுக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கருவி படிப்பதால் இரைச்சல் கழிந்துபோகிறது. எனவே சாக்கெட்டில் அழுத்தும்போது 13 மி.மீ.க்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது. சாக்கெட்டின் பக்கவாட்டில் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு வண்ண வரிசைகள் இருக்கும். எதை எடுத்தாலும் சரி, இரண்டு முனையிலும் அதே வரிசைதான் வர வேண்டும்.

ஸ்பீக்கர் ஒயருக்குக் கணக்கு எளிது. 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பதினைந்து மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போதும். அதற்கு மேல் 2.5.

பெட்டியை எங்கே வைப்பது? சோபாவில் உட்கார்ந்தவரின் கண் மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர். டிவியின் நடுப்பகுதி அங்கே வர வேண்டும். ஆனால் சரியாக நடுவில்தான் டிவியைத் தாங்கும் இரும்புத் தட்டும் உட்காரும். ஆகவே பெட்டி அதற்குப் பக்கவாட்டில், டிவியின் ஓரத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். 55 இஞ்ச் டிவி சுமார் 120 செ.மீ. அகலம் இருப்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை.

பூச்சு வேலை தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பைப்பிலும் ஒரு நைலான் கயிற்றை விட்டு, வாயைத் துணியால் அடைத்துவிட வேண்டும். சிமெண்ட் பால் உள்ளே போய் இறுகினால் அந்தப் பைப் வீண். திறந்திருக்கும் சுவரை டேப் அளவு தெரிகிறபடி போனில் படம் எடுத்து வைப்பதும் அவசியம். பின்னாளில் அதே சுவரில் அலமாரி அடிக்க டிரில்லோடு வருகிற ஆசாரி முதலில் கேட்கப்போவது பைப் எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான்.