குழாய்ப் பிசினின் பலத்தை அறியும் விதம்

ஈக்காட்டுத்தாங்கல் என்னும் ஊர்ப் பெயரிலுள்ள தாங்கல் என்பது பாசனத்திற்கு உதவும் சிற்றேரியைக் குறிக்கும். அவ்வூரை அடுத்த கிண்டித் தொழிற்பேட்டையில், வயலுக்கு நீர் கொண்டு செல்லும் பி.வி.ஸி. குழாய் முதலிய பிளாஸ்டிக் சாமான்களைப் பரீட்சிக்கும் மத்திய சர்க்கார் ஸ்தாபனமாகிய ‘சிப்பெட்’ இருக்கிறது. இது 1968-ஆம் வருஷத்தில் ஏற்படுத்தப்பட்டது.

பார்வைக்கு ஒன்றுபோலுள்ள இரண்டு குழாய்களில் ஒன்று பல வருஷம் உழைக்கும். மற்றொன்று பயிர் வாடும் சமயத்தில் வெடித்துவிடும். இதற்குரிய காரணங்களில் முக்கியமானது பிசினின் தன்மையாகும். பிசின், கண்ணுக்குப் புலப்படாத நீண்ட சங்கிலி போன்ற அணுத்திரள்களால் ஆனது. நீண்ட நாரால் திரித்த கவலை வடம் அறாது. குட்டை நார் வடம் விரைவில் அறும். அவ்வாறே சங்கிலி நீண்ட பிசினே பலமுள்ளது.

இந்நீளத்தைப் பாகுத்தன்மையால் அறியலாம். நீண்ட சங்கிலிகள் கரைந்த திரவம் பாகுபோல் மெதுவாக ஓடும். இச்சம்பந்தத்தை விளக்கிய ஜெர்மானிய ரஸாயன சாஸ்திரி ஸ்டௌடிங்கர், இத்துறை ஆராய்ச்சிக்காக 1953-இல் நோபல் பரிசு பெற்றார்.

பரீட்சை செய்யும் விதம் வருமாறு: லிட்டருக்கு 5 கிராம் வீதம் பிசினை ஸைக்ளோஹெக்ஸனோன் என்னும் திராவகத்தில் கரைத்து, 25 டிகிரி ஸென்டிகிரேட் உஷ்ணத்தில், மெல்லிய கண்ணாடிக் குழலில் இரு குறிகளுக்கிடையே அது இறங்கும் நேரத்தைக் கணக்கிடுவர். வெறுந்திராவகம் 100 விநாடியில் இறங்குமாயின், குழாய்க்கேற்ற பிசினின் கரைசலுக்குச் சுமார் 156 விநாடி ஆகும். இதன் ‘கே’ மதிப்பு 67 எனப்படும். சுமார் 140 விநாடியே ஆனால் மதிப்பு 57. அப்பிசின் இணைப்புச் சாமான்கள் வார்க்க உதவுமேயன்றி, குழாய்க்கு உகந்ததன்று.

நல்ல பிசினிலும் சுண்ணாம்புக்கல் தூளை மிதமிஞ்சிக் கலந்தால் குழாய் நொறுங்கும். தூள் திராவகத்தில் கரையாதாகையால் இப்பரீட்சை அதனைக் காட்டாது. குழாய்த் துண்டை எரித்து, மிஞ்சும் சாம்பலை நிறுத்தே அறியவேண்டும்.

குழாய் வாங்குவோர் கவனிக்கவேண்டியவை:

1. குழாயின்மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், 4985 என்னும் எண்ணும், தாங்கக்கூடிய அழுத்தமும் அச்சிடப்பட்டிருக்கவேண்டும்.

2. கனத்தைக் கண்டு ஏமாறலாகாது. சுண்ணாம்புக்கல் தூள் பிசினைவிடச் சுமார் இரு மடங்கு கனமுள்ளது. ஆகவே கலப்படக் குழாயே அதிக எடை நிற்கும்.

3. ஊர்ப் பொதுவுக்கு மொத்தமாகக் கொள்முதல் செய்யும் கிராம அதிகாரிகள், பணம் பட்டுவாடா செய்யுமுன் மாதிரித் துண்டு ஒன்றைப் பரீட்சைக்கு அனுப்புவது நலம். புதைத்த குழாயைத் தோண்டி மாற்றும் செலவைவிடப் பரீட்சைச் செலவு சொற்பமே.