‘ரெஸ்ட் எடுங்க’ என்றால் படுக்கணுமா, உட்காரணுமா? ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தங்கள்!

“பயப்பட ஒண்ணும் இல்லை, ஒரு வாரம் நல்லா ரெஸ்ட் எடுங்க.” டாக்டர் இப்படிச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகம் கிளம்பும். கட்டிலை விட்டு இறங்கவே கூடாதா? ஆபீஸுக்கு லீவு போட்டால் மட்டும் போதுமா? துணி துவைக்கலாமா? ஒருவர் பத்து நாள் படுத்தே கிடப்பார், இன்னொருவர் மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இரண்டு பேரும் ‘ரெஸ்ட்’தான் எடுக்கிறார்கள்.

குழப்பம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கில அகராதியில் ‘ரெஸ்ட்’ என்பது உண்மையில் இரண்டு தனித்தனிச் சொற்கள். ஓய்வு என்ற பொருளில் வருவது பழைய ஆங்கிலச் சொல். மிச்சம், மீதி என்ற பொருளில் வருவது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றாகிவிட்டதே தவிர, பிறப்பு வேறு. ‘ரெஸ்டாரன்ட்’ இந்த இரண்டு குடும்பத்திலும் சேராது. அது உடம்புக்குத் தெம்பூட்டுவது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

‘ரெஸ்ட் ரூம்’ கதை இன்னும் வேடிக்கை. ஆபீஸில் அது கழிப்பறை. அதையே அப்படியே தமிழாக்கி ‘ஓய்வறை’ என்று எழுதினால், ரயில் நிலையத்தில் அதே பெயரில் கட்டில் போட்ட தங்கும் அறை இருக்கிறது!

தமிழில் இந்த விஷயத்துக்குச் சொல் பஞ்சமே கிடையாது. ‘ஓய்’ என்றால் நிற்பது, அடங்குவது. மழை ஓயும், சத்தம் ஓயும். ஓடி ஓடி உழைத்தவரும் ஒருநாள் ஓய்ந்துபோவார். ஆக, களைப்புக்கும் அதற்கான மருந்துக்கும் ஒரே வேர்! ‘இளைப்பாறுதல்’ வேறு மாதிரி. புண் ஆறுவது, பால் ஆறுவது போல உடம்பின் இளைப்பு ஆறுவது அது. இலங்கைத் தமிழில் பணி ஓய்வு பெற்றவரை ‘இளைப்பாறிய ஆசிரியர்’ என்று இன்றும் எழுதுகிறார்கள். பேச்சுத் தமிழ் இன்னும் கறார். ‘கட்டையைச் சாய்க்கிறது’ என்றால் படுப்பது, ‘கண் அசர்றது’ என்றால் குட்டித் தூக்கம், ‘அக்கடான்னு உட்கார்றது’ என்றால் வேலையை மறந்து உட்காருவது. இவை எல்லாவற்றையும் ‘ரெஸ்ட்’ என்ற ஒற்றைச் சொல் விழுங்கிவிட்டது.

இது வெறும் மொழிப் பிரச்னை என்றால் விட்டுவிடலாம். மருத்துவத்தில் விட முடியாது.

பிரஷர் பார்க்கும் முன் ‘கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க’ என்றால், சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிடம் இருப்பது என்று பொருள். போனில் சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது ரெஸ்ட் கணக்கில் வராது, அளவு கூடுதலாகக் காட்டலாம். குரல்நாண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சொல்லப்படும் ‘வாய்ஸ் ரெஸ்ட்’டில் நடக்கத் தடையில்லை, பேசத்தான் தடை. கிசுகிசுப்பதையும் பொதுவாகத் தவிர்க்கச் சொல்வார்கள்.

பெரிய குழப்பம் முதுகுவலியில்தான். இடுப்பு பிடித்துக்கொண்டால் நாள்கணக்கில் படுத்திருப்பதுதான் வைத்தியம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் நேர் எதிர். சாதாரண இடுப்புவலிக்கு, முடிந்த அளவு நடமாடுவதே நல்லது என்கின்றன. நீண்ட நாள் அசையாமல் படுத்திருந்தால் தசைகள் வலுவிழக்கும், கால் நரம்புகளில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். அறுவை சிகிச்சை முடிந்த சில மணி நேரத்திலேயே பல நோயாளிகளை எழுப்பி நடக்க வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாக ‘பெட் ரெஸ்ட்’ பரிந்துரைப்பதை இப்போதைய வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை. ஆனால் எலும்பு முறிவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எந்த உறுப்பை, எத்தனை நாள் அசைக்கக் கூடாது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சட்டத்திலும் ரெஸ்ட்டுக்குத் தனி அர்த்தம் உண்டு. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல், இடையில் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தரச் சொன்னது. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்குத் தேவைப்பட்டதோ வெறும் நாற்காலி. கேரளம் 2018-லும், தமிழ்நாடு 2021-லும் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்றன. கூட்டம் இல்லாத நேரத்தில் உட்காரலாம், அவ்வளவுதான். அதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது!

‘லீவ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் ‘அனுமதி’. ஓய்வு நேரத்தைக் குறிக்கும் ‘லெஷர்’ என்ற சொல்லும் ‘அனுமதிக்கப்பட்டது’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆபீஸில் அனுமதி தர மேனேஜர் இருக்கிறார். சமையலறைக்கு? மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடங்கள், ஆண்கள் 97 நிமிடங்கள். ‘ஒரு வாரம் ரெஸ்ட்’ என்று எழுதிக் கொடுத்தால் அந்த 299 நிமிடத்தில் எத்தனை குறையும் என்பது மருந்துச் சீட்டில் இருக்காது.

அதனால் அடுத்த முறை டாக்டர் ‘ரெஸ்ட்’ என்றதும் எழுந்துவிடாமல் பிரித்துக் கேளுங்கள். மாடி ஏறலாமா, குடம் தூக்கலாமா, பைக் ஓட்டலாமா, குனிந்து பெருக்கலாமா, எந்தத் தேதி வரை? இதை எல்லாம் வீட்டு ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டுவிடுவது இன்னும் நல்லது.