முதுமையில் மூட்டழற்சியும் ஸ்டெரொயிட் மருந்தும்

விடியற்காலையில் விரல்களை மடக்க முடிவதில்லை. தேநீர்க் கோப்பையைப் பிடிக்க இரு கைகளும் வேண்டும். தலைவாரிக்கொள்ளப் பேத்தியின் துணை வேண்டும். பசறையிலோ நமுனுகலையிலோ அப்புத்தளையிலோ உள்ள லயங்களில் இத்தகைய மூதாட்டி ஒருவரை அறியாத நேயர்கள் சிலரே இருப்பர். நாற்பதாண்டு கொழுந்து பறித்த கைகளுக்கு இது இயல்புதானே என்று வீட்டார் எண்ணிவிடுகின்றனர். மலைக்குளிரே காரணம் என்பாரும் உளர்.

தேய்மானத்தால் வரும் வலி வேறு. அது வேலை செய்யச் செய்ய மிகும், ஓய்வில் தணியும். நாம் கூற வந்தது வாத மூட்டழற்சி. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் திசைமாறி மூட்டுகளின் உட்சவ்வையே தாக்கும் நோய் இது. காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பதும், இரு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்குவதும் இதன் அடையாளங்கள். அறுபது வயதைக் கடந்த பின்னும் இது புதிதாகத் தொடங்கலாம்.

1948ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், இந்நோயால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணொருத்திக்குப் பிலிப் ஹென்ச் என்னும் வைத்தியரும் அவர்தம் குழுவினரும் கோர்ட்டிசோன் என்ற ஸ்டெரொயிட்டை ஊசிமூலம் ஏற்றினர். சில நாள்களில் அவள் எழுந்து நடந்தாள், கடைத்தெருவுக்கும் போய்வந்தாள். 1950இல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆயின் பேரளவில் நெடுநாள் கொடுத்தபோது முகம் ஊதிற்று, எலும்பு மெலிந்தது, மனமும் குலைந்தது. மருந்தை நிறுத்தினால் நோயும் திரும்பிற்று. அற்புதம் என்ற சொல்லை மருத்துவ உலகம் விரைவிலேயே விழுங்கிக்கொண்டது.

இன்று பெரும்பாலும் வழங்கப்படுவது பிரெட்னிசோலோன் மாத்திரை. இதன் கேடுகள் முதியோருக்கே மிகுதி. சர்க்கரையும் குருதியமுக்கமும் ஏறும். கண்ணில் புரை வளரும். மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பு மேலும் மெலிந்து, வழுக்கும் படியொன்றில் விழுந்தாலே இடுப்பு முறியும். உள்ளே உறங்கும் சயரோகம் விழித்தெழக்கூடும். வெறுங்காலுடன் ஈரமண்ணில் உழைத்தோர் அறியவேண்டியது இன்னுமொன்று உண்டு. மண்ணிலுள்ள ஒருவகை நுண்புழு தோலைத் துளைத்துப் புகுந்து, குடலில் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றித் தங்கவல்லது. ஸ்டெரொயிட் கொடுத்தவுடன் அது அளவின்றிப் பெருகி உயிருக்கே உலைவைக்கலாம். முன்னரே கண்டறிந்தால் சில மாத்திரைகளால் ஒழித்துவிடலாம்.

அப்படியாயின் வேண்டாமென்று ஒதுக்கிவிடலாமே எனலாம். ஒதுக்குவதற்கும் விலை உண்டு. அடங்காத அழற்சி மூட்டை அரித்துக் கோணலாக்கும். ஸ்டெரொயிட்டுக்கு அஞ்சி நாள்தோறும் டைக்குளோபெனக் போன்ற வலிநீக்கிகளை விழுங்கும் முதியவரின் வயிறும் சிறுநீரகமும் படும் பாடு சிறிதன்று. நோயையே அடக்குவதற்கென முதலில் கொடுக்கப்படுவது மெதோட்ரெக்சேற். அது பயன்தர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் செல்லும். (இது வாரத்துக்கு ஒருமுறை மட்டும் உண்ணும் மருந்து, நாள்தோறும் உண்டு உயிரிழந்தோர் உளர்.) அந்த இடைவெளியைக் கடக்கும் பாலமாகவே ஸ்டெரொயிட் பயன்படுகிறது. இதிலும் அறிஞர் ஒருமனப்படவில்லை. 2021இல் வெளிவந்த அமெரிக்க வழிகாட்டி, பாலமும் கூடியவரை வேண்டாமென்கிறது. 2022ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பரிந்துரைகளோ, குறுகிய காலம் கொடுத்து விரைவில் குறைத்து நிறுத்துக என்கின்றன.

முதியோரையே கொண்டு ஐரோப்பாவில் நடத்தப்பட்ட குளோரியா ஆய்வின் முடிவுகளும் 2022இல் வெளிவந்தன. 65 வயதும் அதற்கு மேலுமான 451 பேர் அதிற் சேர்ந்தனர். ஒரு பகுதியினருக்கு இரண்டாண்டுகள் நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனும், ஏனையோருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுத்தனர். மருந்துண்டோரின் நோய் தணிந்தது, மூட்டுச் சேதமும் குறைந்தது. ஆயின் கவனிக்கத்தக்க தீங்கு ஒன்றேனும் நேர்ந்தோர் மருந்துண்டோரில் நூற்றுக்கு 60 பேர். மற்றவருள் 49 பேர். கூடுதலாக நேர்ந்தவற்றுட் பெரும்பாலானவை கடுமையற்ற தொற்றுகள். சிற்றளவு கொடியதன்று என்பது தெளிவு. எனினும் ஆய்விற் சேர்ந்தோர் ஒழுங்காகப் பரிசோதிக்கப்பட்டவர்கள். சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்து டீயும் பெற்றவர்கள். பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு வந்துபோக ஒரு பகலையே செலவிடும் தோட்டத்து மூதாட்டி அவர்களுள் ஒருவரல்லர். என் கருத்தில், எத்தனை மில்லிகிராம் என்பதைவிட, அடுத்த மாதம் அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்பவர் யார் என்பதே முதற்கேள்வி. விடை இருப்பின் சிற்றளவு மருந்தைத் துணிந்து ஏற்கலாம். இல்லையெனில் தயங்குவது கோழைத்தனமன்று.

மாத்திரையைத் தாமே கூட்டுவதும் திடீரென நிறுத்துவதும் ஒருபோதும் ஆகா. சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பிகள் இப்பொருளை இயல்பாகச் சுரப்பவை. வெளியிலிருந்து வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தால் அவை சோம்பிவிடும். திடீரென நிறுத்தினால் குருதியமுக்கம் வீழ்ந்து மயக்கம் நேரும். இரண்டே நாளில் நோவைப் பறக்கச்செய்வதாகச் சொல்லிப் பெயரெழுதாத கடதாசி உறையில் தரப்படும் மாத்திரையில் இதே மருந்து கலந்திருக்கக்கூடும். ஆதலால் அதனையும் எடுத்துச்சென்று வைத்தியரிடம் காட்டுக. சில வாரங்களுக்கு மேல் இம்மருந்தை உட்கொண்டவர் விபத்திலோ சத்திரசிகிச்சையிலோ அதனைச் சொல்லியாக வேண்டும். நினைவிழந்தவர் சொல்ல இயலாதாகையால், மருந்தின் பெயரையும் அளவையும் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுவித்து, அக்கொப்பி இருக்கும் இடத்தைப் பேத்திக்கும் சொல்லிவைத்தல் நன்று.